சனிக்கிழமையா, செவ்வாய்க்கிழமையா

துணியை அழுத்திப் பிழியும் பொறியில், இரண்டு உருளைகளுக்கும் நடுவே விரிப்பைக் கோணாமல் செலுத்திக்கொண்டிருந்தாள் கெசாயா ஆர்மராட். ஓரம் கோணினால் சுருக்கம் விழும். சுருக்கத்தோடு துணி போனால், அடுத்த வாரம் மேல்தெருவிலிருந்து துணி வராது. எதிர்ப்பக்கம் நின்று கைப்பிடியைச் சுற்றியவன் ஜேபஸ் ஃபீல்டன், சாயப்பட்டறைத் தொழிலாளி. முழங்கைவரை நீலம் ஊறிய கை அவனுக்கு. எந்தச் சோப்புக்கும் அசையாது. ஆகவே அந்த வீட்டில் அவன் கைப்பிடியைத் தொடலாம், துணியைத் தொடக்கூடாது.

அவன் மனைவியை இழந்தவன். கோடை முடிகிற சமயத்தில் ஒரு சட்டையைத் தேய்க்கக் கொடுக்க வந்தான், பிறகு கைப்பிடி சுற்ற வந்தான், பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். கெசாயாவுக்கு நாற்பத்தாறு வயது. வலது தோள் குளிர்காலத்தில் ஒத்துழைப்பதில்லை. யோசித்துச் சரி என்றாள். ஆலயத்தில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. நாள் குறிப்பதுதான் பாக்கி.

“சனிக்கிழமை வச்சுக்கலாம்” என்றான் ஜேபஸ். “முதலாளி அன்னைக்கு லீவு தரேன்னுட்டார்.”

“கேக்காமலே தந்தாரா?”

“அவராத்தான் சொன்னார்.”

கெசாயா விரிப்பை மடித்து வைத்தாள். அந்த முதலாளியிடம் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள், பெற்ற தாயைப் புதைக்க அரைநாள் கேட்டு வாங்க முடியாமல் வந்ததை அவள் அறிவாள்.

எட்டு வயதில் ஆலைக்குப் போனவள் அவள். தறி பழுதுபார்க்கும் ஈனஸைக் கட்டிக்கொண்டு இந்த முற்றத்துக்குக் குடிவந்தாள். முற்றத்துக் குழாயில் ஒருநாள் தண்ணீர் சிவப்பாக வரும், மறுநாள் நீலமாக வரும். பட்டறையில் அன்று என்ன நிறம் முக்குகிறார்கள் என்று வாளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். குழாய்க்குத் தண்ணீர் வரும் ஓடையில்தான் சாக்கடையும் கலந்தது. ஒரு காய்ச்சல் காலத்தில் ஈனஸும் மகளும் அடுத்தடுத்துப் போனார்கள். இருவரையும் அவளே கழுவி, உடுத்தி, அனுப்பினாள். விதவையானவளுக்கு அந்த ஊரில் செய்கிற வழக்கப்படி அக்கம்பக்கத்தார் சேர்ந்து பழைய உருளைப்பொறி ஒன்றை வாங்கிப் போட்டார்கள். அதை வைத்துப் பிழைத்தாள். வீடு அவள் பேரில், வரி அவள் பேரில். சில வருஷங்களுக்கு முன்பு சட்டம் மாறி, வரி கட்டும் பெண்களுக்கும் வாக்கு வந்ததிலிருந்து நகரசபை வாக்கும் அவள் பேரில்.

நவம்பர் முதல் தேதி வந்தால் உருளையை நிறுத்திவிட்டுப் போய் வாக்குப் போட்டு வருவாள். வாக்குப்பெட்டி ரகசியம் என்றார்கள். ரகசியம் காக்க அவளுக்கு எதுவுமில்லை. சாயப்பட்டறை முதலாளி ராவ்ஸ்தார்ன்தான் கீழ்ப்பாலம் வார்டின் உறுப்பினர். சாக்கடை வெட்டினால் வரி ஏறும் என்று சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்காக அதை நிறுத்தி வைத்திருந்தவர். தன் வாக்கு அவருக்கு எதிரானது என்று முற்றம் முழுக்கக் கேட்கச் சொல்வாள். போன முறை அந்த மனிதர் மயிரிழையில் ஜெயித்திருந்தார். இந்த முறை வாக்கு வேட்டை ஒவ்வொரு வாக்காக நடந்தது.

அன்று மாலை, பக்கத்து வீட்டு டாபித்தா வந்து அடுப்போரம் உட்கார்ந்தாள். ஆட்டுக்குடல் விற்பவள், ஊர்ச்செய்தி குடலோடு சேர்ந்து வரும். சுண்ணாம்புச் சந்தில் ஒரு விதவை போன மாதம் கல்யாணம் செய்துகொண்டாளாம். பட்டியலில் பேர் இருந்தும், புருஷன் உள்ளவள் வாக்குப் போட முடியாது என்று கட்சிக்காரர்கள் இப்போதே சொல்லிவிட்டார்களாம்.

“மோதிரம் ஏறினா ஓட்டு இறங்கிடும்னு வச்சுக்கோயேன்” என்று சிரித்த டாபித்தா, கெசாயாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “உனக்கு என்னைக்குடி?”

“சனிக்கிழமைங்கறான்.”

“தேர்தல் திங்கக்கிழமை.”

“தெரியும்.”

“ஏண்டி கெசாயா, அவன் யார் பட்டறையில வேலை பாக்கறான்?”

“ராவ்ஸ்தார்ன் பட்டறையில” என்றாள் கெசாயா.

மறுநாள் ஜேபஸ் வந்ததும், கல்யாணம் செவ்வாய்க்கிழமை என்றாள். அவன் கைப்பிடியை விட்டுவிட்டான். செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்காது என்றான். சனிக்கு முன்வந்து தருகிறவர் செவ்வாய்க்கு ஏன் தரமாட்டார் என்று கேட்டாள். அவன் தன் நீலக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“செவ்வாய்க்கிழமை. இல்லேன்னா வேண்டாம்” என்றாள்.

அவன் கைப்பிடியை மறுபடி பிடித்து, “சரி” என்றான்.

அந்தச் ‘சரி’யை அவள் நம்பவில்லை. நல்ல மனிதன் என்றால் சண்டை போட்டிருப்பான் என்று ஒருசமயம் தோன்றும். கெட்டவனாக இருந்தால் அல்லவா சண்டை போட்டிருப்பான் என்று மறுசமயம் தோன்றும். உருளைக்குள் போகிற துணிபோல மனசு முன்னும் பின்னும் போய்வந்தது. வெள்ளிக்கிழமை மாலை பட்டறை வண்டி வாசலில் நின்றது. கல்யாணப் பரிசு என்று, உப்பிட்டுப் புகைபோட்ட முழுப் பன்றித்தொடை ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. அவள் அதைத் தொடாமல் உத்தரத்துக் கொக்கியில் மாட்டினாள். டாபித்தா அண்ணாந்து பார்த்து, பன்றியாவது நாணயமான பன்றியாக இருந்திருக்கும் என்றாள்.

சனிக்கிழமை காலை ஜேபஸ் கல்யாணக் கோட்டோடு வந்தான். மனசை மாற்ற வந்திருக்கிறான் என்று எண்ணிக் கெசாயா பேச்சுக் கொடுக்கவில்லை. அவன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இருட்டும்வரை கைப்பிடியைச் சுற்றினான்.

திங்கட்கிழமை வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். நல்ல மழை. கிழவர்களையும் நோயாளிகளையும் நாற்காலியோடு தூக்கி வண்டியில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கெசாயா உள்ளே நுழைந்ததுமே, மேசையோரம் நின்றிருந்த ராவ்ஸ்தார்னின் ஏஜென்ட் கையை உயர்த்தினான். இந்தம்மாள் இப்போது விதவை அல்ல, சனிக்கிழமை கல்யாணமாகி ஃபீல்டன் மனைவியாகிவிட்டாள், வாக்குச் செல்லாது என்றான். மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னான்.

“நாளைக்குத்தான் கல்யாணம்” என்றாள் கெசாயா. “சந்தேகம்னா பாதிரியாரைக் கேட்டுக்கோங்க. எதிர்லதான் இருக்கார்.”

அதிகாரி ஆளனுப்பிக் கேட்டார். கல்யாணம் நடக்கவில்லை. ஏஜென்டின் முகம் சுருங்கியது. அவள் வாக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து, மழையில் ஒருகணம் நின்றாள். நாள் மாறியது அவர்களுக்குத் தெரியவில்லை. அப்படியானால் ஜேபஸ் அவர்களிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை லீவை வாங்கிக்கொண்டு, கோட்டையும் மாட்டிக்கொண்டு, நாளெல்லாம் இங்கே வந்து சுற்றியிருக்கிறான்.

ராவ்ஸ்தார்ன் மறுபடியும் ஜெயித்தார். அன்று மாலை ஜேபஸ் வரவில்லை.

மறுநாள் காலை, ஆலயத்துக்குக் கிளம்புமுன் பட்டறை வண்டி மறுபடி வாசலில் நின்றது. பன்றித்தொடையைத் திருப்பிக் கேட்டார்கள். கல்யாணம் இன்றுதானே, பரிசை இன்று ஏன் திருப்பிக் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு வண்டிக்காரன் குதிரையைப் பார்த்தான். அவள் கொக்கியிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். அடியில் ஒரு கை அளவு குறைந்திருந்தது. டாபித்தாவின் வேலை.

ஆலய வாசலில் ஜேபஸ் நின்றிருந்தான். கல்யாணக் கோட்டு, காலடியில் மூட்டையும் ஒரு கெட்டிலும். வேலையும் போய்விட்டது, பட்டறை கொடுத்த வீடும் போய்விட்டது என்றான்.

“அவங்க அனுப்பித்தானே வந்தே?”

“முதல்ல அப்படித்தான். மேஸ்திரி ஆக்கறேன்னார்.”

“அப்புறம்?”

“அப்புறம் நானாத்தான் வந்தேன்.” அவன் கெட்டிலைக் காலால் நகர்த்தினான். “அதை எப்படி நிரூபிக்கறதுன்னு தெரியல.”

நிரூபிக்க முடியாதுதான். வீடில்லாதவன் வீடு உள்ளவளைக் கட்டிக்கொள்ள வருவதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. நாள் மாறியதை அவன் பட்டறையில் சொல்லாமல் இருந்ததும் உண்மை. இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தாள்; முள் நடுவில் நின்றது. உள்ளே போய்ப் பாதிரியாரிடம் இன்று இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

“டாபித்தா வீட்டு மாடி அறை காலியா இருக்கு. கைப்பிடி சுத்த எனக்கு ஆள் வேணும், கூலி வாரக் கடைசியில. கல்யாணப் பேச்சு அடுத்த நவம்பர் கழிச்சு.”

ஜேபஸ் குனிந்து மூட்டையை எடுத்தான். “அதுக்கடுத்த நவம்பரும் தேர்தல் வருமே.”

“வரும்.”

அவன் மூட்டையைத் தோளில் போட்டான். கெட்டிலை அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கெசாயா மேல்தெரு விரிப்புகளை நனைத்து எடுத்தாள். அவள் ஓரம் பிடித்துச் செலுத்த, அவன் சுற்றத் தொடங்கினான். நடுவில் ஒருமுறை, விரிப்பு தரையைத் தொடப்போனதைக் கண்டு அவன் கையை நீட்டினான்.

“தொடாதே” என்றாள் கெசாயா.

அவன் கையை இழுத்துக்கொண்டு, கைப்பிடிக்குத் திரும்பினான்.