போர்டில் இடது பக்கம் இருப்பவன் நான்

பல் டொக்டரிடம் யாரும் கோபப்பட முடியாது. வாய்க்குள் அவருடைய கை இருக்கும். அதனால் அந்தக் கோபம் முழுவதும் வெளியே வந்து, கதவருகே கதிரை போட்டு நம்பர் கூப்பிடுகிறவன் மேல்தான் விழும். கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு மாடிக் கிளினிக்கில் அந்தக் கதிரையில் இருப்பவன் நான். பெயர் செபஸ்தியான். ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டு வந்த நாளிலிருந்து இதுதான் என் பிழைப்பு.

வயது அறுபத்திரண்டு. மேலே ஒரு பல்லும் இல்லை. கீழே மிச்சம் இருப்பவை ஒன்றுக்கொன்று பகையாளிகள் போலத் தள்ளித் தள்ளி நிற்கின்றன. என்னைப் பார்த்து எழுபத்தைந்து என்று சொல்கிறவர்கள் இரக்கம் உள்ளவர்கள். பல் போனால் முறுக்குத்தான் போகும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். டொக்டர் உள்ளே ஒவ்வொருவருக்கும் சொல்வது கதவு வழியாக என் காதில் விழும். பல் போனால் அது நின்ற எலும்பு கரையும். எலும்பு கரைந்தால் உதடு உள்ளே மடியும், கன்னம் ஒட்டும், நாடி மூக்கைத் தேடிக்கொண்டு மேலே வரும். முகம் ஆளுக்கு ஒரு பத்து வயது கூட்டிக் காட்டும். கண்ணாடி முன்னால் யாரும் பார்க்காதபோது கன்னத்தை ஊதிப் பார்க்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கன்னம் கன்னமாக இருப்பவர்கள் வேறு பக்கம் வாசிக்கலாம்.

ஆள் தெரியவில்லை

டவுனில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா பல வாரம் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து போனார். டொக்டர் அவருக்கு மேலும் கீழும் பல் செட் கட்டினார். அடுத்த தடவை, கட்டின பல் அழுத்துகிறதா என்று பார்க்க வந்தபோது நான் அவரை வேறு யாரோ என்று நினைத்து, "புதுசா வந்தவங்களா? பேரு, வயசு சொல்லுங்க" என்றேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்த பிறகுதான் ஆள் தெரிந்தது. உதடு வெளியே வந்து, கன்னம் நிரம்பி, கடைக்கு வரும் மாப்பிள்ளைகளுக்கு அண்ணன் மாதிரி இருந்தார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று எழும்பினேன். அதற்குள் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் வாயைக் கிட்டப் பார்த்தார். "உங்களுக்கே என்னயத் தெரியலன்னா வேல நல்லா முடிஞ்சிருக்கு. அது சரி அண்ணன், சோத்துக் கடையில இருந்துக்கிட்டு நீங்க ஏன் பட்டினி கெடக்குறீங்க?"

டீச்சரின் பெயின்ட்

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் ஈறில் இரத்தம் வருகிறது என்று வந்தார். முகத்துக்கு அவர் பூசாத கிரீம் கிடையாது. காத்திருக்கும்போதுகூட கைப்பையைத் திறந்து ஒன்றைப் பூசுவார். வாயைச் சுற்றி விழுந்த சுருக்கம் மட்டும் எதற்கும் அசையவில்லை. டொக்டர் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இல்லை, அதனால் வாய் மூடும்போது அளவுக்கு மீறி மூடுகிறது, தோல் மடிகிறது, இதற்குக் கிரீம் என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறார். பிறகு பல்லில் படிந்த ஊத்தை எடுத்து, ஈறைச் சுகமாக்கி, கடைவாய்ப் பல்லும் கட்டினார். டீச்சரின் முகம் நிமிர்ந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் என்னிடம் அவர் நன்றி சொல்லவில்லை. படி இறங்கும்போது திரும்பி நின்று ஏசினார். "இத்தனை வருஷமா தூண் சரிஞ்ச வீட்டுக்கு வெளிய பெயின்ட் அடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன் செபஸ்தி. நீ வாசல்லயே உக்காந்திருக்கியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

நம்பர் ஏழு

என் அண்ணன் சவரிமுத்து என்னைவிட மூன்று வயது மூத்தவன். தோட்டத்து லயத்தில் எங்களுக்கு ஒரே ஒரு பல் பிரஷ் இருந்தது. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை என்று அப்பா அதை அவனுக்குக் கொடுத்தார். எனக்கு அடுப்புக்கரி. அவன் படித்து கந்தோரில் கிளார்க் ஆனான். நான் ஐந்தாம் வகுப்போடு தொழிற்சாலைக்குப் போனேன். பல் வலித்தால் தோட்டத்து மருந்துக்காரையா பிடுங்கிவிடுவார்; வேறு வைத்தியம் அவர் படிக்கவில்லை. அம்மாவின் செத்த வீட்டில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்று கேட்டார். சவரி என் தோளில் கை போட்டு, இவர்தான் எனக்கு அண்ணன் என்று சொல்லிச் சிரித்தான். பெட்டியைச் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன்.

அவனுக்கும் பல் ஆட ஆரம்பித்தது. கண்டியில் வேறு கிளினிக் இல்லாத மாதிரி இங்கேயே வந்தான். நான் "நம்பர் ஏழு" என்றேன், அவன் எழும்பிப் போனான், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் மகன் செலவழிக்க, எலும்பில் ஆணி இறக்கிப் பல் நட்டார்கள். எல்லாம் முடிந்து அவன் படி இறங்கிப் போன பிறகு, டொக்டருக்கு உதவியாக இருக்கும் ரேணுகா என்னிடம் வந்தாள். "அங்கிள், இப்ப போனவரு உங்க தம்பியா? அப்பிடியே நீங்கதான், கொஞ்சம் காத்தடிச்ச மாதிரி!"

டொக்டர் கொடுத்த வாக்கு

என் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் பேசினோம். அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான்தான் வாசலில் நின்று வரவேற்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கும்பிட்டு, "பொண்ணோட அப்பா இன்னும் வேலையால வரலீங்களா தாத்தா?" என்று கேட்டார். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த ஸ்டெல்லா அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "கோயில்ல என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகப் போறது நீங்க. யாரும் இன்னொரு தடவ உங்களத் தாத்தான்னு சொல்லக் கூடாது. பல்லக் கட்டிக்கங்க அப்பா" என்றாள். தாய் இல்லாத பிள்ளை. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

டொக்டரிடம் அதுவரை நான் லீவுகூடக் கேட்டதில்லை. முதல் தடவையாக இதைக் கேட்டேன். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையாகப் பேசுவார். உடனே கதிரையில் இருத்தி, மாவை வாயில் வைத்து அளவு எடுத்தார். பிறகு போனை எடுத்து, கன்னத்தை இன்னும் உள்ளே இழுக்கச் சொன்னார். "கலியாணத்துக்கு முன்னம் கட்டாயம் கட்டித் தாறன் செபஸ்தி. முதல்ல ஒரு போட்டோ எடுப்பம். முந்தி எப்பிடி இருந்தது எண்டு சனத்துக்குக் காட்ட வேணுமெல்லோ?"

போர்டு

என் வாயின் அளவு அலுமாரிக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது. டொக்டரிடம் கேட்டால் அடுத்த கிழமை என்பார். ஒரு நாள் காலையில் கிளினிக்கைத் திறந்தால், காத்திருக்கும் அறையில் பெரிய போர்டு. பல்லைக் கவனித்தால் முகம் இளமையாகும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. இடது பக்கம் என் முகம். வலது பக்கம், வாய் நிறையப் பல்லோடு, என் அண்ணன். அதே நெற்றி, அதே மூக்கு, அதே விரிந்த காது. பார்க்கிற யாரும் ஒரே ஆளின் முன்னும் பின்னும் என்றுதான் நினைப்பார்கள். நான் டொக்டரிடம் போய் நின்றேன். இரண்டும் ஒரு வீட்டு முகம்தானே என்றார். இத்தனை வருஷமாக எவனோடு என்னைச் சேர்க்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அவனோடு ஒரே சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்.

ஆனால் ஒன்றை டொக்டர் யோசிக்கவில்லை. போர்டுக்குக் கீழேயே நான் பழைய வாயோடு உட்கார்ந்திருக்கிறேன். வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு த்ரீவீல்காரர், நம்பர் எடுத்த கையோடு எழும்பினார். "இந்தாளுக்குக் கட்டின பல்லே நிக்கலியே, நமக்கு எங்க நிக்கப் போகுது? வா போவோம்."

மாஸ்க்

இதற்கு டொக்டர் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்குப் பல்லைக் கட்டியிருக்க வேண்டும். அவர் ஒரு பெட்டி மாஸ்க் வாங்கிக் கொடுத்தார். இருமல் காலம், நோயாளிகளுக்கு நல்லது என்றார். மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியாதவனாகக் கதவருகே இருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், மாஸ்க் போட்டதும் பெண்கள் என்னை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். கண்ணுக்கு வயதாகவில்லை, வாய்க்குத்தான் ஆகியிருந்தது. இதற்கிடையில் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. ஸ்டெல்லா ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்கு வந்ததும் என் வாயைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு சோறு குழைத்து வைப்பாள்.

அந்த நேரத்தில்தான் டீச்சர் மறுபடி வந்தார். ஈறு நோய் இருக்கிறவர்கள் அடிக்கடி வந்து காட்ட வேண்டும். பல் இல்லாத வாயில், மாஸ்க்குக்கு உள்ளிருந்து வரும் நம்பர் யாருக்கு விளங்கும்? அவருடைய நம்பரை இன்னொருவர் கொண்டு போய்விட்டார். டீச்சர் நேரே வந்து, பிள்ளைகளின் காதைப் பிடித்துப் பழகிய கையால் என் மாஸ்க்கைக் கீழே இழுத்தார். நிறைந்த அறை. எல்லாக் கண்ணும் போர்டுக்குப் போய் என்னிடம் திரும்பி வந்தது. டொக்டர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். டீச்சர் விரலை நீட்டினார். "டொக்டர், வலது பக்கம் இருக்கிறது யாரு? இவன் இன்னும் இடது பக்கத்துலயே இருக்கானே!"

கண்ணாடி

மறுநாளே என் அளவு அலுமாரியிலிருந்து இறங்கியது. சில நாளில் செட் வந்தது. கீழே மிச்சம் இருந்த பற்களைச் சுத்தம் செய்து, இடைவெளிகளிலும் கட்டினார்கள். டொக்டர் வேலையில் குறை சொல்ல மாட்டேன். அராவி அராவி, அழுத்தாமல் பொருத்தினார். நாடி இறங்கி அதன் இடத்துக்குப் போனது. உதடு வெளியே வந்தது. கன்னத்தில் ஊதாமலே காற்று நின்றது.

ரேணுகா கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். நான் இளமைக் காலத்தில் இருந்த முகம் வரும் என்று எதிர்பார்த்துப் பார்த்தேன். கண்ணாடியில் சவரிமுத்து இருந்தான். அவனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வருஷக்கணக்காகிறது. நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே போர்டைக் காட்டினார். "பாரும் செபஸ்தி, இனி ஒருத்தரும் அதைப் பொய் எண்டு சொல்லேலாது."

கோயில் வாசலில்

கல்யாணத்துக்கு அண்ணனை நான் அழைக்கவில்லை. ஸ்டெல்லா கெஞ்சினாள், நான் அசையவில்லை. கோயில் வாசலில் கோட் போட்டு நின்றேன். காரிலிருந்து இறங்கிய மகள் என் முகத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். புதுப் பல்லோடு பேசினால் நழுவும் என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்து, "ஏதாவது பேசுங்க அப்பா, பேசினாத்தான் நீங்கன்னு இருக்கு" என்றாள். "வா மகளே" என்றேன். பல் நழுவவில்லை. பீடம் வரை அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் என்னைத் தாத்தா என்று சொல்லவில்லை. அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது தோட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக என் கையைக் குலுக்கினார்கள், எல்லோரும் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினார்கள், எனக்கு விளங்கவில்லை. கடைசியில் என் மாமன் மகன் கண் கலங்கிக் கட்டிப்பிடித்தான். "சவரி அத்தான், அவன் அழைக்கலன்னாலும் நீங்க வந்து புள்ளையக் கைபுடிச்சுக் குடுத்தீங்களே, அதுதான் பெரிய மனசு! எங்க அந்தக் கெழவன், மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வீட்டுலயே இருந்துட்டானா?"

பல்லைக் கட்டினால் இளமை திரும்பும் என்று டொக்டர் சொன்னது முழு உண்மை, யாருடைய இளமை என்று கேட்காமல் வாயைத் திறந்தது என் பிழை.