மாமாவின் பழைய குரல்

அரியலூரில் மாமா வேலை பார்த்த உரக்கடைக்குப் போன் செய்கிறவர்கள், அவர் எடுத்து அலோ என்றதுமே, “ஏம்மா, மொதலாளி இல்லையா?” என்று கேட்பார்கள். மாமா திருத்தமாட்டார். வெளியே போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். அவர் என் அம்மாவின் தம்பி. அப்போது இருபத்தாறு வயது. அடர்ந்த மீசை, உர மூட்டை தூக்கித் தூக்கி முறுக்கேறிய தோள். குரல் மட்டும் பத்து வயதோடு வளராமல் நின்றுவிட்டது.

எட்டு வயதுக்காரியான எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தினமும் என்னை மொபெட்டில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் அவர்தான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிற அந்தக் கால் மணி நேரமும் கதை நடக்கும். அதில் நரி பேசும், லாரி பேசும், எங்கள் கணக்கு டீச்சரும் பேசுவார். எல்லோருக்கும் மாமாவின் குரல்தான்.

வீட்டில் மற்றவர்களுக்குக் கவலை வேறு. அவருக்குப் பெண் பார்க்க வேண்டும். அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு என்று அவர் தொண்டையில் எல்லாம் இறங்கின. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கும் நேர்ந்தாயிற்று. ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு பெண் பார்க்கப் போனபோது அப்பாவுக்கு அபாரமான யோசனை ஒன்று தோன்றியது. மாமா வாயே திறக்கக் கூடாது, கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினால் போதும். மாமாவும் அப்படியே ஆட்டினார். மறுநாள் அவர்களிடமிருந்து போன் வந்தது. “பையன் தங்கமான பையன்தாங்க. வாய் பேச வராதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்று வருத்தப்பட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மாமாவைத் திருச்சிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சிதான் வேண்டும் என்று பெரம்பலூரில் இருந்த ஒரு மேடத்திடம் அனுப்பினார். சனிக்கிழமைகளில் பயிற்சி. எனக்கும் பள்ளி லீவு என்பதால் துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

மேடம் முதலில் மாமாவை இருமச் சொன்னார். மாமா இருமினார். கனமான, சாதாரண ஆம்பளை இருமல்.

“இருமலுக்கு வர்ற கொரலு பேச்சுக்கு வராம எங்க போவும்? உங்க தொண்டை வளந்துடுச்சுங்க. பழக்கம்தான் சின்னப்புள்ளையாவே நின்னுடுச்சு” என்றார் மேடம்.

பிறகு மாமாவின் குரல்வளையில் இரண்டு விரல்களை வைத்து மெதுவாகக் கீழே அழுத்தி, ‘ஆ’ சொல்லச் சொன்னார். ஆ என்று ஒரு முரட்டுக் குரல் வந்தது. மாமா திடுக்கிட்டு யார் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. மேடம் சிரித்தார், மாமாவும் சிரித்தார். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

பயிற்சி பெரிய வித்தையொன்றும் இல்லை. ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். அந்த முனகலிலிருந்து மாடு, மரம், மல்லி என்று வார்த்தைகளுக்குப் போக வேண்டும். பிறகு வாக்கியம், அதற்கும் பிறகு போன். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பழைய குரலில் யாரிடமும், விளையாட்டுக்குக்கூட, பேசக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் அந்த முரட்டுக் குரல் என்னை மொபெட்டில் ஏறச் சொன்னது. நான் ஏறவில்லை. “எங்க மாமா மாதிரி பேசு. அப்பதான் வருவேன்” என்று தெருவிலேயே நின்றேன். மாமா கெஞ்சிப் பார்த்தார். மணி அடிக்கிற நேரம் நெருங்கியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து, என் காதருகில் பழைய குரலில் கூப்பிட்டார். நான் ஏறிக்கொண்டேன். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் புதுக் குரல், மொபெட்டில் எனக்கு மட்டும் பழையது என்று ஆயிற்று.

நாலாவது வாரம் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “பிடிச்ச கொரலு நழுவுதே. வூட்டுல யார்கிட்டயாவது பழசுல பேசுறீங்களா?”

“இல்லைங்க மேடம்” என்றார் மாமா. நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

அடுத்த நாளே அரும்பாவூரில் பெண் பார்க்கப் போனோம். மாமா இந்தத் தடவை வாய் திறந்தார். மக்காச்சோளத்துக்கு எப்போது மேலுரம் போட வேண்டும் என்று பெண்ணின் அப்பா கேட்க, கணீரென்று பதில் சொன்னார். அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. கொல்லையில் ஓடிய ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு போய், கிணற்றுக் கட்டையில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

“பாப்பா! எறங்கு!”

மாமாதான். என்னைக் கூப்பிடுகிற குரல் எதுவோ, அதுதான் வந்தது. ஓடி வந்து என்னை இழுத்து இறக்கினார். உள்ளே பெண்ணின் அப்பா, யாரம்மா கத்தியது என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மாவாக இருக்கும் என்று அப்பா முந்திக்கொண்டார். என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த மாமா புதுக் குரலில் சொன்னார்.

“நான்தாங்க. எனக்கு ரெண்டு கொரலு. ஒண்ண விட்டுக்கிட்டு இருக்கேன்.”

கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பவில்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா என் மேல் கையை ஓங்கினாள். “அவளைத் தொடாதக்கா” என்று மாமா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மாமா மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மேடம் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து எனக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். மாமா பழைய குரலில் பேசினால் நான் பதில் சொல்லக் கூடாது. எனக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது.

திங்கட்கிழமை மொபெட்டைக் கிளப்பிவிட்டு, “பாப்பா, நரி கதை சொல்லவா?” என்று பழைய குரலில் கேட்டார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போய் இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் மூச்சு விடவில்லை. லெவல் கிராஸிங் வந்ததும் தொண்டையைச் செருமி, புதுக் குரலில் கேட்டார். சொல்லு மாமா என்று கத்தினேன், ஜெயித்துவிட்ட குஷியில். அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தைக்கு அந்தக் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

யாராவது சிரித்துவிடுவார்களோ என்று மாமா வாழ்நாளெல்லாம் கூசிய குரல் அது. நான் அடம்பிடித்தேன் என்பதற்காக அதையே தினமும் என் காதில் வந்து பேசினார். அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். அன்றைக்கு அவர் இரண்டு தடவை கூப்பிட்டும் நான் பதில் சொல்லவில்லை.