தெர்மாகோல் வீட்டுக்கு ஒரு பழைய நிலைவாசல்

பிற்பகல் இரண்டு பத்துக்கு எங்கள் வாசல் நிலை ஆடியது. வீடு ஆடவில்லை. கதவைப் பிடித்து நிற்கவேண்டிய அந்தப் பழைய மரச்சட்டம் மட்டும் புயல் காற்றில், விழப்போகும் பல்லைப்போல ஆடியது.

நன்னிலத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டி நாங்கள் கட்டிய வீடு அது. நடுவில் கெட்டியான தெர்மாகோல், இருபுறமும் கம்பி வலை, அதன்மேல் சிமென்ட் கலவை. சுவரும் கூரையும் ஒரே கூடு. செங்கல் இல்லாத சுவரைப் பார்த்ததும் ஊரே கட்டடக்கலை நிபுணராகிவிட்டது. அண்ணன்தான் தலைமை நிபுணர்.

"என்னடா தம்பி, டிவி வந்த பெட்டியிலயா குடியிருக்கப் போற? ஒரு புயலடிச்சா வீட்டத் தஞ்சாவூர்ல போயித்தான் தேடணும்."

கட்டிக்கொடுத்த பொறியாளர் பொறுமைசாலி. "காத்துக்கு இது அசையாது சார். கரையானுக்குத் தின்ன இதுல ஒண்ணுமே இல்ல. நிலையும் இரும்புலயே போட்டுடுங்க" என்றார்.

அண்ணன் கொதித்துப்போனார். "இரும்புல நிலை வைக்க இது என்ன ரைஸ் மில் குடோனா? நம்ம பழைய வீட்டு நிலை சும்மாத்தான கெடக்கு?"

பழைய வீட்டை இடித்தபோது எடுத்த நிலை. ஆறு வருடம் மாட்டுக்கொட்டகை மண்ணில் கிடந்தது. முதுகலை படித்த நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை; "சரிண்ணே" என்றேன். புதுச் சுவரை அதன் அகலத்துக்கு வெட்டி, நல்ல நேரம் பார்த்து, நவதானியம் கட்டி நிறுத்தினோம். கரையானுக்குச் சோறில்லாத வீட்டில், ஊரைக் கூட்டி அதற்கு இலை போட்டோம்.

வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசினோம். மஞ்சளுக்கு அடியில் கரையானின் மண்கோடு ஏறியது யாருக்கும் தெரியவில்லை, பத்தாவது படிக்கும் என் மகளைத் தவிர. "அப்பா, நிலையத் தட்டுனா அட்டப்பெட்டி மாதிரி சத்தம் வருதுப்பா" என்றாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்று அவளை அடக்கினேன். என் படிப்பின் லட்சணம் அது.

புயலடித்த அன்று கதவு உள்நோக்கிப் பிதுங்கியபோது நானும் மனைவியும் முதுகைக் கொடுத்துத் தாங்கினோம். மகளும் ஓடிவந்தாள். போ என்று நான் கத்தி முடிப்பதற்குள் சட்டம் பக்கவாட்டில் பிளந்தது. மேல்கட்டை அவள் நெற்றியை உரசி, கைமேல் விழுந்தது. உள்ளே மரமே இல்லை, மண்ணும் தூளும். கதவின் கனம்தான் அதை இழுத்துவந்தது. அவள் கண் மூடிக்கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மனைவி ஒரு நிமிடம்கூட இருக்காது என்கிறாள். நான் நம்பவில்லை.

பின்னறைக்குத் தூக்கிப்போய்க் கிடத்தினோம். அந்த அறையில் ஒரு சொட்டு மழைநீர் ஒழுகவில்லை. சுவரில் மயிரிழை விரிசல் இல்லை. கைபேசியில் சிக்னலும் இல்லை. அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். முழங்கைக்குக் கீழே வீங்கிக்கொண்டே போனது. ஊர் சிரித்த சுவர்கள் எங்களைக் காத்துக்கொண்டிருந்தன. ஊர் கும்பிட்ட கட்டை என் பிள்ளையைக் கிடத்தியிருந்தது.

நான்கரை மணிக்குக் காற்று தணிந்ததும், பக்கத்துத் தெரு நர்ஸைக் கூட்டிவர மனைவி ஓடினாள். அவள் திரும்புவதற்குள் அண்ணன் வந்தார். அவர் வீட்டு ஓடுகள் பாதி வாய்க்காலில் கிடந்தன. பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். நிலையைத்தான் நின்று பார்த்தார்.

"நிலை சாஞ்சா குடும்பத்துக்கே ஆகாதுடா. மொதல்ல பரிகாரம் பண்ணணும். நிலை வச்ச அன்னிக்கு ஐயரு அவசரத்துல முடிச்சாரே, அதான் இந்த வெனை."

அவரை அடிக்காமல் இருந்தது என் சாமர்த்தியம் அல்ல. என் கை மகளின் தலைக்கடியில் இருந்தது.

ஐந்து மணிக்கு, முழங்கால்வரை சேறோடு நர்ஸ் வந்து சேர்ந்தார். மகளின் கண்ணில் டார்ச் அடித்தார். பெயர் கேட்டார், கிழமை கேட்டார். அவள் சரியாகச் சொன்னாள். கையைத் தொட்டதும் அலறினாள்.

"தெளிவாத்தான் பேசுது, பயப்படாதீங்க. ஆனா வாந்தி எடுத்திருக்கு, தலைய ஸ்கேன் பண்ணிடணும். கை முறிஞ்சிருக்கு. ரோடெல்லாம் மரம் கெடக்கு, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுலதான் நிக்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுங்க, உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றவர், இன்னும் பரிகாரம் பற்றியே முணுமுணுத்துக்கொண்டிருந்த அண்ணன் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, பரிகாரத்த நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப நாற்காலியில ஒரு கால நீங்க புடிங்க."