புகை வராத மத்தியானம்

காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்து, ஊரே விறகுக்கு மாறிய வருடம் அது. நாங்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் முந்தலில், களப்புக் கரையோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதம்.

அந்த வீட்டுக் குசினியில் பழைய விறகடுப்பும் அதற்கு மேலே ஒரு புகைபோக்கியும் இருந்தன. காஸில் சமைத்தே பழகிய எனக்கு முதல் வாரம் அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு ஊதினாலும் புகை மேலே போகாது. திரும்பி முகத்துக்கே வரும். பிறகுதான் பிடிபட்டது, குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கி இழுக்காது என்று. காய்ந்த ஓலையைக் கொளுத்தி அதன் வாய்க்குள் சற்று நேரம் பிடித்தால் உள்ளே சூடேறும். பின்கதவையும் திறந்துவிட்டு, அடியில் தேங்காய்ப் பொச்சும் மேலே சின்னச் சின்ன விறகும் வைத்துப் பற்றவைத்தால், புகையெல்லாம் கடகடவென்று மேலே ஏறிவிடும். கணவர் கூரைக்கு மேலே இன்னொரு குழாயும் பூட்டிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் எங்கள் குசினியை விட்டுப் போன புகை, நேரே பக்கத்து வீட்டு முற்றத்தில் இறங்கியது. அங்கே, நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியே இருந்தார், கருவாடு காயப்போட்டு விற்பவர்.

"புள்ள, நீ சோறாக்க என்ட கருவாடா புகையணும்?" என்று தினமும் மத்தியானம் வேலிக்கு மேலால் சத்தம் வரும்.

நானும் சும்மா இருக்கவில்லை. "காத்த நானா அனுப்புறேன்? அல்லாஹ்கிட்டச் சொல்லுங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதோடு முகம் பார்த்துக் கதைப்பது நின்றது. ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் இரவு முழுக்கப் பெய்து காலையில்தான் விட்டது. கணவர் புத்தளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். பேறு பார்க்க வந்திருந்த உம்மாவும் ஊருக்குப் போயிருந்தார். படுக்கையறை ஒழுகி நனைந்திருந்ததால், பாயை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு குசினிக்கு வந்தேன். அடுப்பில் சிரட்டைத் தணல் நிறையக் கிடந்தது. இதமாக இருந்தது. பிள்ளைக்குக் குளிர்காற்று படக்கூடாதென்று கதவையும் யன்னலையும் இறுக்கிச் சாத்தினேன். மழைநீர் உள்ளே விழாமலிருக்கக் கணவர் புகைபோக்கியின் மேல் வைத்து மூடிய தகரமும் அப்படியே இருந்தது. புகை இல்லையே, வெறும் தணல்தானே என்று நினைத்தேன்.

தலை இலேசாக வலித்தது. இரவு கண்விழித்த அலுப்பென்று பிள்ளையை அணைத்தபடி படுத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

நினைவு வந்தபோது முற்றத்து ஈரமண்ணில் கிடந்தேன். ராத்தா என் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தார்.

"கண்ணத் தொற புள்ள! யா அல்லாஹ், கண்ணத் தொற!"

அவருடைய மடியில் என் மகள், நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்தாள். எழும்பப் பார்த்தேன், கால் வரவில்லை. ராத்தா அவளுடைய உள்ளங்காலைத் தேய்த்தார், முதுகைத் தட்டினார், மறுபடி தேய்த்தார். ஒரு முனகல் வந்தது. பிறகு வீறிட்டு அழுதாள். ராத்தாவும் சேர்ந்து அழுதார்.

த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இருவருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். பூட்டிய அறையில் தணலிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்றார் டொக்டர். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பின்னேரம் ராத்தா பார்க்க வந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? பகலாகி லுஹர் பாங்கும் சொல்லிட்டாங்க, உன்ட புகையக் காணல்ல. மொதல்ல நல்லதாப் போச்சுண்டுதான் நெனச்சேன். பொறகு மனசு கேக்கல்ல. பச்ச உடம்புக்காரி, விறகு நனைஞ்சு பட்டினி கெடக்காளோண்டு ஒரு பீங்கான் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். கூப்பிட்டா சத்தமே இல்ல. கதவ ஒடச்சிட்டேன்." பிள்ளையின் துணியைச் சரிசெய்தபடி சொன்னார்: "ஒடஞ்ச கதவுக் கொண்டியப் புதுசாப் பூட்டச் சொல்லு உன்ட மாப்பிள்ளைட்ட."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் கருவாட்டு மணம் இருந்தது.

இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். கணவர் குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டார். ஆனாலும் காற்று மாறும் நாட்களில் புகை ராத்தா வீட்டுக்குத்தான் போகிறது. அவரும் குறைவில்லாமல் ஏசுகிறார். போன மாதம் அவர் சிலாபத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வேலிக்கு மேலால் ஒரு சத்தமும் இல்லாத மத்தியானங்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்மேல் பாசம் உள்ளவர்கள் எல்லோரும் தூரத்தில் இருந்த அந்த நாளில், என்மேல் கோபமாயிருந்த ஒருவருடைய கண்தான் என் வீட்டின்மேல் இருந்தது என்பதை நினைத்தால், யாரையும் வேண்டாதவர் என்று ஒதுக்க இப்போது எனக்கு மனம் வருவதில்லை.