பெட்டிக்குள் அடங்கிய கோல்

இடுப்பு மூட்டு மாற்றியபின் மூன்று மாதம் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவாடையைத் தலைவழியாகப் போட்டுக்கொள்ளலாம். ஜட்டியை என்ன செய்வது? அதை என் கணவர்தான் போட்டுவிட்டார்.

போட்டுவிட்ட லட்சணத்தையும் சொல்கிறேன். செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் எலாஸ்டிக்கைப் பிடிப்பார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு என் காலில் மாட்டுவார். முடிந்ததும் நேரே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அந்தக் குழாய்ச் சத்தம் கேட்டாலே எனக்குக் குமட்டும். மீன் பிடித்துவிட்டு அவர் கழற்றிப்போடும் பனியன்களை முப்பது வருடமாகத் துவைக்கிறவள் நான்.

குனியாமல் உடுத்த ஒரு கோல் உண்டு, நுனியில் கொக்கி இருக்கும் என்று பிசியோதெரபி செய்த பெண் சொல்லியிருந்தாள். ஆன்லைனில் தேடினால் அந்தமானுக்கு அனுப்ப மாட்டார்களாம். நல்லவேளை, அவர் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனார். இடுப்பிலிருந்து தரைவரை கைகாட்டி, இவ்வளவு நீளம் என்று பத்து தடவை சொல்லி அனுப்பினேன். அவர் வரும்வரை வெறும் பாவாடையோடு சமாளித்தேன்.

எங்கள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்றால் தெருவே சீட்டு எழுதிக் கொடுக்கும். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். பக்கத்து வீட்டு மிக்ஸி ஜார், மாடிவீட்டு அப்பளம், யாருக்கோ குக்கர் கேஸ்கட், வாடிய மல்லிகை. எல்லாவற்றுக்கும் அடியில் என் கோல், ஒரு முழம்.

"மீதி எங்கங்க?"

"அரே, லம்பா இருந்துச்சும்மா, பெட்டிக்குள்ள போகல. ஜார் அவங்க சொல்லிவிட்டது, விட்டுட்டு வர முடியுமா? அதான் பிடியை அறுத்துட்டேன். கொக்கி அப்படியே இருக்குல்ல? சலேகா, போதும்."

காலுக்கு எட்டாத கொக்கியை வைத்துக் காதா குடைவது? கோபம்கூட வரவில்லை. அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மறுநாள் காலையும் அதே இரண்டு விரல், அதே ஜன்னல், அதே குழாய்.

அவர் அபர்டீன் பஜாருக்குப் போனதும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். நான் தூசி தட்டக்கூட விடாத அவருடைய தூண்டில் கழி அங்கே சாத்தியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, இரும்பறுக்கும் பிளேடால் வேண்டிய அளவுக்கு அறுத்தேன். அதில் இரைக்கு வைத்த கணவாய் மீனின் அழுகிய நாற்றம். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, என் அரைக்கோலை அதோடு சேர்த்து டேப்பால் இறுகச் சுற்றினேன்.

அவர் போட்டுவிட்டதை நழுவவிட்டு, வேறொன்றைக் கொக்கியில் மாட்டினேன். ஆபரேஷன் செய்த கால் முதலில். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை ஜட்டி முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது. எதிரே எவர் முகமும் இல்லை. அழுகை வந்தது, அழுதேன்.

கை பழக வேண்டுமென்று இன்னொன்றைக் கொக்கியில் மாட்டியிருந்தபோது அவர் வந்துவிட்டார்.

"ஐயோ, என் தூண்டில்!"

"லம்பா இருந்துச்சுங்க. முள் அப்படியே இருக்கு. சலேகா."

அன்றைக்குத்தான் அவர் ஜன்னல் பக்கம் திரும்பாமல் என் ஜட்டியை நேராகப் பார்த்தார்.