இரவல் கருவிகளும் ஜப்பார் சாரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நம் கல்லூரியின் பழைய ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் ஜப்பார் சாரின் படம் வந்தது. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில். அலுவலகச் சுவரோரம் நிற்கவைத்து யாரோ எப்போதோ எடுத்த படம். இறந்துவிட்டார் என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ஒன்று போட்டுவிட்டுக் காபி வைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது நம்மில் ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல மனுஷன். அந்த இன்ஸ்பெக்‌ஷன் தில்லுமுல்லு ஒன்றுதான் அவர் பேரைக் கெடுத்தது." அதற்கு ஏழெட்டுப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். காபி ஆறிப்போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்கள் யாராவது இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் முன்கதை. கோவையிலிருந்து பல்லடம் போகும் வழியில் உள்ள நம் கல்லூரியில் அவர் அலுவலகக் கண்காணிப்பாளர். உக்கடத்துக்காரர். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். தொண்ணூறுகளின் நடுவில் நம் கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது நான் அதில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பக்கத்துத் தறிகளின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பாடம் நடத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்த காலம்.

ஒரு கல்லூரி எப்படி நடக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது அவர் ஒரு தகப்பனுக்குச் சொன்ன பதில்தான். முதல் பேட்ச்சில் படித்த மல்லிகாவின் அப்பா, வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர், மலையிறங்கி வந்து அலுவலக வாசலில் நின்றார். கடைசி வருடப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று யாரோ பஸ்ஸில் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள்.

"சார், இது கவர்மென்ட் காலேஜா, தனியாரா? யாரைப் போய்க் கேட்டா சரியான பதில் கிடைக்கும்?" என்று கேட்டார்.

ஜப்பார் சார் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "எல்லாருந்தானுங்க. டெல்லிக்காரங்க ரூல் போடுவாங்க. மெட்ராஸ்ல அனுமதி குடுப்பாங்க. யுனிவர்சிட்டிதான் பாடம் இன்னதுன்னு சொல்லிப் பரீட்சை வெச்சுப் பட்டம் குடுக்கும். நாங்க பெஞ்சும் போர்டும் போட்டு வாத்தியாரை நிறுத்தறதோட சரி. புது கோர்ஸுங்கறதால வருசா வருசம் யுனிவர்சிட்டிக் கமிஷன் வந்து பார்த்துட்டுப் போனாத்தான் அந்த வருசத்துக்கு அங்கீகாரம். இந்த வருசம் இன்னும் வரலீங்க. வருவாங்க."

"வந்து, இல்லேன்னு சொல்லிட்டா?"

"ஹால் டிக்கெட் வராதுங்க. இதுல யாரு தப்புப் பண்ணினாலும் வருசம் போறது உங்க பொண்ணுக்குத்தான். அப்படி உட்டுரமாட்டேனுங்க" என்றார் ஜப்பார் சார். பெரியவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் மூன்று வருடப் படிப்பு, அந்தக் கமிஷன் காரில் வந்து இறங்குவதை நம்பி நின்றது.

கமிஷன் கணக்குப்படி அந்த வருடம் எங்கள் ஆய்வகத்தில் எட்டு ஆஸிலோஸ்கோப்புகள் இருக்க வேண்டும். மின் அலைகளைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் கருவி. எங்களிடம் இருந்தவை மூன்று. தாளாளரிடம் போய்க் கேட்டால், "அடுத்த வருசம் பார்க்கலாம், இப்ப எப்படியாவது சமாளிங்க" என்றார். சமாளிப்பது என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். கமிஷன் வருகிறது என்றால் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் கருவிகளும் புத்தகங்களும் டெம்போவில் ஏறி ஊர் சுற்றிய காலம் அது. ஒரே கலைக்களஞ்சியம் மூன்று நூலகங்களில் ஆய்வுக்கு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இன்று நமக்கு, நாளை அவர்களுக்கு. யாரும் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை.

அவிநாசிப் பக்கத்துக் கல்லூரியில் வேலை பார்த்த என் தோழி மூலம் ஐந்து கருவிகளை இரவல் வாங்கிவந்தேன். வழக்கமாக எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்குக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் அதிகம். கமிஷன் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு, கருவிகளின் முதுகில் இருந்த அந்தக் கல்லூரியின் எண்களைத் தின்னர் போட்டுத் துடைத்து, மேலே பெயின்ட் அடித்து, நம் எண்களை எழுதினேன். கையெல்லாம் நாற்றம். மனதுக்குள் ஒரே பெருமை.

இருப்புப் பதிவேட்டில் ஏற்ற ஜப்பார் சார் வந்தார்.

"இதெல்லாம் யாருதுங்க மேடம்?"

"நம்மளுதுதான் சார்."

"நேத்து இல்லீங்களே!" என்று சிரித்தார். என் விரல்களில் ஒட்டியிருந்த பெயின்ட்டைப் பார்த்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்து, "பென்சில்ல எழுதிக்கறேனுங்க. திருப்பிக் குடுக்கறப்ப சௌரியமா இருக்கும்" என்று எழுதிக்கொண்டு போனார். பயந்தாங்கொள்ளி மனிதர் என்று நினைத்தேன்.

மறுநாள் கமிஷன் வந்தது. மூன்று பேர். இளநீர், கேசரி, வடை எல்லாம் முடிந்து ஆய்வகத்துக்கு வந்தார்கள். அவர்களில் வயதானவராக இருந்த ஒரு பேராசிரியர் நான்காவது கருவியின் முன் நின்றவர் நகரவே இல்லை. குமிழ் ஒன்றைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"இந்த நாப் எங்க ஊட்டுப் பழைய ரேடியோவுல இருந்து நான் கழட்டி மாட்டுனது. இங்க எப்படி வந்துச்சு?" என்றார்.

கமிஷன்காரர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை, இதே கல்லூரிகளில் நம்மைப்போலப் பாடம் நடத்துகிறவர்கள்தான் என்பது என் கெட்டிக்கார மூளைக்கு எட்டவே இல்லை. இவர் அதற்கு முந்தின வருடம்வரை அந்த அவிநாசிப் பக்கத்துக் கல்லூரியில்தான் இருந்திருக்கிறார். கருவியைத் திருப்பி, புதுப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். பழைய எண் லேசாகத் தெரிந்தது.

"இரவல் வாங்கறது எல்லாப் பக்கமும் நடக்கறதுதான். நம்பரை அழிக்கறது திருட்டு. யாரு பண்ணுனது?"

தாளாளர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தரையைப் பார்த்தார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். திறந்தேனா என்பது இப்போது நிச்சயமில்லை.

"நாந்தானுங்க" என்று பின்னாலிருந்து ஜப்பார் சார் வந்தார். "ஆபீஸ்ல நான் பண்ணிப்போட்ட தப்புங்க. ரிஜிஸ்டரைப் பாருங்க, மூணுதான் எங்களுது. மீதி அஞ்சையும் பென்சில்லதான் எழுதியிருக்கறேனுங்க."

பேராசிரியர் பதிவேட்டை வாங்கி வெகு நேரம் பார்த்தார். மூன்று மையில், ஐந்து பென்சிலில். அதைப் பார்த்துத்தான் அவர் கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒரு மாதத்துக்குள் ஐந்து கருவிகளைச் சொந்தமாக வாங்க வேண்டும், திரும்ப வந்து பார்ப்போம், அதன்பிறகே ஹால் டிக்கெட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கார் கிளம்பியதும் நான் வராந்தாவில் அவரை மறித்தேன். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சும்மா இருங்க மேடம். டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு லெக்சரராச்சும் இருக்கோணும்னு கமிஷன் பேப்பர்ல இருக்குது. நம்மகிட்ட இருக்கறதே ரெண்டு பேரு. உங்களை ஊட்டுக்கு அனுப்பிப்போட்டா கோர்ஸே இல்லீங்க. ஆபீஸ்ல ஜப்பார் இருக்கோணும்னு எந்த ரூலும் இல்லீங்களே" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பசங்க பரீட்சை எழுதட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

வேறு வழியில்லாமல் தாளாளர் கருவிகளை வாங்கினார். கமிஷன் மறுபடி வந்து பார்த்துவிட்டு அங்கீகாரம் கொடுத்தது. அதே வாரம் ஜப்பார் சாரைக் கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுப்பி, பொருட்கிடங்குக்கு எழுத்தராக அனுப்பினார்கள். ஆனால் ஹால் டிக்கெட் வாங்கிவர வேறு யாருக்கும் வழி தெரியவில்லை. அவரே பல்கலைக்கழகத்துக்குப் போய், பகல் முழுதும் காத்திருந்து வாங்கிவந்தார். கட்டாகக் கொடுத்தனுப்பவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்து, கையில் கொடுத்தார். மல்லிகா வாங்கிக்கொண்டு அழுதுவிட்டாள். "நல்லா எழுது கண்ணு. அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டுரு, டிக்கெட் வந்துருச்சுன்னு" என்றார்.

பரீட்சை முடிந்த மறுநாளே கிடங்குக்குப் போய், "இப்பச் சொல்லலாமா சார்?" என்று கேட்டேன். "அடுத்த பேட்ச் இருக்குதுங்களே" என்றார். அடுத்த வருடமும் கேட்டேன். அதே பதில். சில வருடங்கள் கழித்து நிரந்தர அங்கீகாரம் வந்தது. அப்போது நான் துறைத் தலைவி. அந்த வருடம் நான் கேட்கப் போகவில்லை. மறந்துபோனதாகச் சொன்னால் பொய். போகாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் ஓய்வு பெறும்வரை அந்தக் கிடங்கிலேயே சாக்பீஸ் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். வழியில் பார்த்தால், "என்னங்க மேடம், தொண்டை பரவாயில்லீங்களா?" என்று மட்டும் கேட்பார். அவர் கண்ணில் ஒருநாளும் ஒரு வருத்தத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஓய்வு பெறும்வரை என் துறையின் ஹால் டிக்கெட்டுகளை நானே பெயர் கூப்பிட்டு, முகம் பார்த்துக் கொடுத்தேன். பிள்ளைகள் அதை என் கண்டிப்பு என்று நினைத்தார்கள். இருக்கட்டும்.

நண்பர்களே, அந்த எண்களை அழித்தது நான். பெயின்ட் அடித்ததும் நான். உங்களில் ஆமாம் போட்டவர்கள் இனி என் பெயருக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேசிக்கலாம் என்றீர்களே, ஜப்பார் சார். பேசிவிட்டேன். நீங்கள் கேட்க முடியாத நாளாகப் பார்த்துத்தான் எனக்கு வாய் வந்தது.