மாப்பிள்ளைக்கு வைத்த கணக்கு

சண்டைக் காலத்தில், வெளிச்சம் விமானத்துக்குத் தெரியக்கூடாதென்று எங்கள் பாலையூற்று வீட்டு யன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்பு மை பூசச் சொன்னார்கள். ஊரே முணுமுணுத்தது. எனக்கென்றால் கொண்டாட்டம். வீடு முழுக்கக் கரும்பலகை! கணிதச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்ததால் வெண்கட்டியும் கையுமாகத் திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா எனக்கொரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். துறைமுகத்தில் கிளாக்கர். கணிதத்தில் சூரனாம்.

"இது பொருந்தினால் பிறகென்ன சோதனை? புத்தகங்களைக் கட்டி வை, பிள்ளை" என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூரனைச் சும்மா விடுவேனா?

அவர் பொம்பிளை பார்க்க வந்த அன்று, முன்னறை யன்னலில் ஒரு தொகையீட்டுக் கணக்கை எழுதி வைத்தேன். மேலே x², கீழே (x−2)(x−3). பார்த்தவுடன் இரண்டு பின்னமாகப் பிரித்து, இரண்டு மடக்கையை எழுதிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் மேலேயும் வர்க்கம், கீழேயும் வர்க்கம். முதலில் வகுக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதை மறந்துவிடுவார்கள்.

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். "இதிலை மாட்டுப்பட்டுப் போனன். ஒருக்காச் செய்து காட்டுவீங்களோ?"

விறுவிறென்று பிரித்தார். x−3-க்கு மேல் 9, x−2-க்கு மேல் −4. அப்பாவின் முகத்தில் பெருமை வழிந்தது.

"x-க்குப் பூச்சியம் போட்டுப் பாருங்கோ" என்றேன்.

போட்டார். நான் எழுதியதில் பூச்சியம் வந்தது. அவர் பிரித்ததைக் கூட்டினால் −1. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஐயோ, வகுக்க மறந்து போனன்!"

"வீட்டுக்கு வந்த மனிசனோட என்ன சேட்டை இது?" என்று அப்பா பல்லைக் கடித்தார். சம்பந்தம் முறிந்தது, இனிச் சோதனை எழுதலாம் என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

அந்த மனிதர் எழும்பிப் போனால்தானே! சிரித்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மாமா, இவ சோதனை எழுதாமல் விட்டால் அநியாயம். எழுதி முடிக்கட்டும். கலியாணத்துக்கு நான் பொறுத்திருப்பன்."

விரட்ட நினைத்த ஆளை இனி எந்த முகத்தோடு வேண்டாமென்பது? அதைவிட மோசம், விரட்ட மனமும் வரவில்லை.

"சரி, மிச்சத்தை நீங்கள் செய்து காட்டுங்கோ" என்று வெண்கட்டியை நீட்டினார். வாங்கி, வகுத்து எழுதத் தொடங்கினேன்.

"கணக்குத் தெரியும்தானே," என்றார் மெதுவாக, "பிறகேன் கை நடுங்குது?"